தண்ணீர் வண்டியில் இரண்டு பேர்

மகோமேனி, ஸான்ஸிபார்
ஜனவரி 6

அன்று அங்கே இருந்தவர்களின் பெயரையெல்லாம் முதலில் எழுதிவிடுகிறேன். பிற்பாடு ஒருவரும் "நான் பார்க்கலையே" என்று நழுவக் கூடாது. நம் அல்ஃபஜிரி ஓட்டக் குழுவின் தலைவர் மக்காமே இருந்தார், கழுத்தில் விசிலோடு. ராயா இருந்தாள், இரண்டு முழங்காலிலும் கட்டுப் போட்டுக்கொண்டு. தையல்காரி தீமே இருந்தாள். குழுவுக்குப் பின்னால் தண்ணீர் வண்டி ஓட்டிவரும் ஷாமே இருந்தான். என் நாத்தனார் ஹிதாயா மிச்சென்ஸானி ரவுண்டானா ஓரத்தில் குடை பிடித்து நின்றாள். நான் இருந்தேன். நீ இருந்தாய், சுபிரா.

சலாம் சொல்லாமல் கடிதம் தொடங்குவது பாவம் என்பதால் உனக்கு சலாம். அதற்கு மேல் என்னிடம் எதையும் எதிர்பார்க்காதே.

ஃபோனில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். ஃபோனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், கடைசியில் என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். முதியோர் வகுப்பில் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுதக் கற்றோமே, அது இப்படி உதவும் என்று அன்றைக்குத் தெரியாது. கடிதம் உன் மருமகன் ஒமாரி கையில் படகேறி வருகிறது. முழுதும் படித்துவிட்டு வாயைத் திற.

என் மனுஷர் மௌத்தாகி நான் நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வராமல் இத்தா இருந்தேன். இத்தா முடிந்த கையோடு புத்தாண்டு ஓட்டம் வந்தது. தீவிலுள்ள குழுக்களெல்லாம் பாடிக்கொண்டு அமான் மைதானத்துக்கு ஓடும் நாள். பதினோரு வருஷம் அல்ஃபஜிரியின் முன்வரிசையில் நின்று பாட்டெடுத்துக் கொடுத்தவள் நான். என் பழைய பச்சைச் சட்டையை நானே துவைத்து, நானே தேய்த்து, போட்டுக்கொண்டு வந்தேன். நீயும் பார்த்தாய்.

மிச்சென்ஸானியில் எனக்கு மூச்சு வாங்கியது. இல்லை என்று சொல்லவில்லை. ஷூ நாடா கட்டக் குனிந்தேன். குனிந்தவள் நிமிர்வதற்குள் உன் குரல் கேட்டது: "மக்காமே அண்ணே! சிஹாபாவுக்கு முடியல. தண்ணி வண்டில ஏத்திடுங்க. நான் கூட இருந்து பாத்துக்கறேன்!"

விசில் ஊதினார்கள். எனக்காக விசில்! ஹிதாயா குடையை ஆட்டிக்கொண்டு வந்தாள். "நான் அப்பவே சொன்னேனே, எங்கண்ணன் குழி மண்ணு இன்னும் காயல, அதுக்குள்ள இவளுக்கு என்ன ஓட்டம்?" ஷாமே, "ஏறுங்க பாட்டி, கேன் மேல கால வச்சிடாதீங்க" என்றான். நீ மேலே நின்று கையை நீட்டினாய். மைதானம் வரைக்கும் தண்ணீர்க் கேன்களுக்கு நடுவே என்னை உட்காரவைத்து, செத்துப்போன மையத்தைப் பிடிப்பதுபோல் தோளைப் பிடித்துக்கொண்டாய். முன்னால் ராயா என் பாட்டைத் தப்புத் தப்பாகப் பாடிக்கொண்டு ஓடினாள். மைதானத்தில் மற்றக் குழுக்காரர்கள் நமக்குக் கைதட்டினார்கள், சுபிரா. பாவம், கிழவி பிழைக்கட்டும் என்று தட்டுகிற தட்டு.

மூன்றாம் நாள் ஒரு வார்த்தை சொல்லாமல் நீ பெம்பாவுக்குக் கப்பலேறிவிட்டாய்.

நோன்பு வருவதற்குள் சர்க்கரையைக் குறைக்காவிட்டால் தினமும் ஊசி என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். இடது கால் பெருவிரலில் எறும்பு கடித்தாலும் எனக்குத் தெரிவதில்லை. இது உனக்குத் தெரியும். தெரிந்தும் என்னை ஊர் முன்னால் நோயாளியாக்கினாய். ஏன்?

சிஹாபா


வெதே, பெம்பா
ஜனவரி 14

என் சிஹாபா, அலைக்கும் ஸலாம்.

உன் கடிதத்தை நான் படித்து முடித்ததும் என் மகள், "யாரும்மா செத்துட்டாங்க?" என்று கேட்டாள். என் முகம் அப்படி ஆகிவிட்டது.

அடியே, நான் உன் நல்லதுக்குத்தானே சொன்னேன். உன் உதடு வெளுத்திருந்தது. ஷூ நாடா என்கிறாய். உன் ஷூவில் நாடா கிடையாது, ஒட்டுகிற பட்டைதான். நான்தானே உனக்கு அதை வாங்கிக் கொடுத்தேன்? நீ அப்படியே சாய்ந்திருந்தால் ஹிதாயா என்னைத்தான் உரித்திருப்பாள்.

சொல்லாமல் வந்தது தப்புதான். மகளுக்குப் பேறுகாலம் நெருங்கிவிட்டது, அவசரமாகக் கிளம்பினேன். பையன் பிறந்திருக்கிறான். மூக்கு ஒமாரி மூக்கு, அல்லாஹ் அவனைக் காப்பாற்றட்டும்.

நான் இங்கேயும் விடவில்லை. தினமும் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டுக் கடலோரம் வரை போய் வருகிறேன். காற்று நன்றாக இருக்கிறது. நீயும் மெதுவாக ஆரம்பி. மெதுவாக. உனக்குப் பலாச்சுளையும் காய்ந்த ஆக்டோபஸும் அனுப்பியிருக்கிறேன். சுளையை நீ தின்னாதே, ஆக்டோபஸைத் தின்னு.

உன் சுபிரா


மகோமேனி
ஜனவரி 20

சுபிரா,

பட்டை ஷூதான். ஒப்புக்கொள்கிறேன். பட்டையைச் சரிசெய்யக் குனிந்தேன் என்று திருத்தி வாசித்துக்கொள்.

மெதுவாக ஆரம்பி என்கிறாய். நான் நிறுத்தியது யாரால்? அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு எழுத்துக்கூட இல்லை. மூக்கைப் பற்றி எழுத இடம் இருந்திருக்கிறது.

பதினோரு வருஷம். மழை, வெயில், உன் வீட்டுக் கல்யாணம், என் வீட்டுக் காய்ச்சல், எதற்கும் விட்டதில்லை. சுபுஹு முடிந்ததும் உன் அப்பாவின் தடியை எடுத்துக்கொண்டு வந்து என் ஜன்னலை மூன்று தட்டுத் தட்டுவாய். நான் உள்ளேயிருந்து உன்னைத் திட்டுவேன். திட்டிக்கொண்டே எழுந்துவிடுவேன். கிளினிக்கில் காட்டிய பயம் என்னை ஒரு வாரம் எழுப்பியது. மகன் வாங்கிக் கொடுத்த புது ஷூ இன்னொரு வாரம். மிச்சமெல்லாம் உன் தடிதான்.

இத்தாவின் முதல் காலையில் விழித்துக்கொண்டு படுத்திருந்தேன். தட்டு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எங்கள் தெரு வழியாகவே அல்ஃபஜிரி ஓடியது, ராயாவின் ஓட்டைக் குரல் என் சுவரில் மோதியது. உன் குரல் அதில் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். நான் ஓட வருவேன் என்றா எதிர்பார்த்தேன்? எனக்கு மார்க்கச் சட்டம் தெரியாதா? ஒரு தட்டு. அவ்வளவுதான் கேட்டேன். தட்டினால் எழுந்திருப்பேன், எழுந்தால் முற்றத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்திருப்பேன். ஹிதாயா அதற்கும் கூடாது என்று குதித்தாள். "எங்கண்ணன் போன வீட்டுல கைய வீசி நடக்கறா பாரு" என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கச் சொன்னாள். இமாம் வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "முற்றம் வீட்டுக்குள்ளதானே இருக்கு? நடங்க சிஹாபா, உடம்பு உங்ககிட்ட குடுத்து வச்ச அமானிதம்" என்றார். கேட்ட அன்று நடந்தேன். மறுநாள் என்னை எழுப்ப ஆளில்லை. படுத்தே கிடந்தேன். கால் மரத்தது அப்படித்தான்.

ஒன்று சொல்கிறேன், குறித்துக்கொள். புத்தாண்டுக்கு மறுநாளிலிருந்து நான் தனியாகவே போகிறேன். ஒருத்தரும் எழுப்புவதில்லை. கண்ணைத் திறந்ததும் தண்ணீர் வண்டியும் உன் கையும் ஞாபகத்துக்கு வருகிறது, உடம்பு கொதிக்கிறது, படுத்திருக்க முடிவதில்லை.

கடைசியாக ஒன்று. கடிதம் வாங்க வந்த ஒமாரியிடம், "உன் மாமியார் தினமும் கடலோரம் போறாங்களாமே?" என்று கேட்டேன். பாவம், அவனுக்குப் பொய் சொல்ல வராது. "கடலோரமா? அத்தை வாசப்படி தாண்டி நான் பாக்கலையே" என்றான்.

சிஹாபா


வெதே
பிப்ரவரி 1

சிஹாபா,

என் மருமகனிடம் வேவு பார்க்கிறாயா? உனக்கு வெட்கமாக இல்லை? அவன் காலையில் மீன் ஏலத்துக்குப் போய்விடுகிறான், அவனுக்கு என்ன தெரியும்?

சரி. போகவில்லை. இங்கே தெருவெங்கும் பாய் விரித்துக் கிராம்பு காயப் போட்டிருக்கிறார்கள். எங்கே கால் வைப்பது? மிதித்தால் அடிக்க வருகிறார்கள். பிள்ளை இரவெல்லாம் அழுகிறான். இங்கே எனக்குப் பழகினவர்கள் யாருமில்லை. பெம்பாப் பெண்கள் என் ஸான்ஸிபார்ப் பேச்சைக் கேட்டாலே சிரிக்கிறார்கள். இதெல்லாம் உனக்குப் புரியாது, உனக்குத் தெருவே உறவு.

ஜன்னலைப் பற்றி எழுதியிருக்கிறாய். இதையும் கேட்டுக்கொள். நான் வரவில்லை என்று யார் சொன்னது? இத்தாவின் முதல் காலையிலும் வந்தேன். அடுத்த காலையிலும் வந்தேன். பல நாள் வந்தேன். உன் ஜன்னலுக்குக் கீழே தடியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். உள்ளே நீ வெள்ளை உடுத்திக் கிடக்கிறாய், உன் புருஷன் போய்விட்டார், நான் போய் "வாடி" என்று தட்டுவதா? கை வரவில்லை. அந்த மனுஷர் என்னை, "விடிஞ்சா போதும், கொள்ளைக்காரி வந்துட்டா" என்பாரே, அந்தக் குரல் இல்லாத வீட்டை எப்படித் தட்டுவது? தடியைக் கீழே இறக்கி வீட்டுக்குப் போவேன். கடைசியில் ஒருநாள் அதை உன் சுவரிலேயே சாய்த்து வைத்துவிட்டுப் போனேன். போய்ப் பார், வாழை மரத்துக்குப் பின்னால் இருக்கும்.

இதற்கு மேலும் திட்டுவதென்றால் திட்டு.

சுபிரா


மகோமேனி
பிப்ரவரி 6

சுபிரா,

தடி இருந்தது. ஒரு பக்கம் கரையான் தின்றிருக்கிறது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைய நாளை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். என் ஞாபகம் உனக்குத் தெரியும். என் கல்யாணத்தில் பிலாவுச் சோற்றில் உப்புப் போட மறந்தவள் யார் என்று இன்றைக்கும் சொல்வேன்.

தடியைத் தூக்கி, இறக்கி, வீட்டுக்குப் போனாய் என்று எழுதியிருக்கிறாய். ஓடப் போனாய் என்று எழுதவில்லை. அந்த நான்கு மாதமும் அல்ஃபஜிரி என் ஜன்னலைத் தாண்டும்போது ராயாவின் குரல் கேட்டது, தீமேவின் குரல் கேட்டது, மக்காமேவின் விசில் கேட்டது. உன் குரல் ஒரு நாளும் கேட்கவில்லை. என்மேல் இரக்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு ஓடுகிறாய் என்று அப்போது நினைத்தேன். முட்டாள் நான்.

இப்போது மிச்சென்ஸானிக்கு வா. நான் குனிவதற்கு முன்பே நீ விலாவைப் பிடித்துக்கொண்டிருந்தாய். இரண்டு தடவை பின்னால் திரும்பி வண்டி வருகிறதா என்று பார்த்தாய். நான் குனிந்தேன். உடனே கத்தினாய். ஷாமே வண்டியை நிறுத்தினான். நான் நிமிர்ந்தபோது நீ மேலே நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தாய்.

மேலே நின்று, சுபிரா! நோயாளியைத் தூக்கிவிட்டுத்தான் துணைக்கு வந்தவள் ஏறுவாள். நீ முதலில் ஏறினாய். ஏறினதும் கேன்மேல் உட்கார்ந்து, எனக்கென்று எடுத்த பாட்டிலில் பாதியை நீ குடித்தாய்.

முடியாதது உனக்கு. ஓட்டத்தை விட்டது நீ. தனியாக வண்டியேற வெட்கப்பட்டு என்னைப் பயணச் சீட்டாக்கி ஏறினாய். கைதட்டு எனக்கு, சவாரி உனக்கு!

இல்லை என்று எழுது பார்க்கலாம்.

சிஹாபா


வெதே
பிப்ரவரி 11

சிஹாபா,

ஆமாம்.

நான்கு நாளாக இந்த ஒரு வார்த்தையை எழுதக் காகிதத்தை எடுத்து எடுத்து வைத்தேன்.

பதினோரு வருஷமும் எல்லோரும் என்னைத்தான் புகழ்ந்தார்கள். சுபிரா விடாப்பிடிக்காரி, சுபிராவுக்குச் சோம்பலே கிடையாது, சிஹாபாவை இழுத்துக்கொண்டு ஓடுகிறவள் அவள்தான் என்று. நானும் அதை நம்பிவிட்டேன். நீ இத்தாவில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. உன் ஜன்னலைத் தட்ட வேண்டும் என்றுதான் நான் எழுந்திருக்கிறேன். தட்ட முடியாத ஜன்னலைப் பார்த்துவிட்டு எனக்கு ஓட எங்கே மனம் வரும்? வீட்டுக்குப் போய்ப் போர்வையை இழுத்துக்கொள்வேன். கேட்டவர்களிடம், "சிஹாபா இல்லாம முன்வரிசைக்குப் போக மனசு வரல, பின்னாடி தனியா ஓடறேன்" என்று சொன்னேன். எல்லோரும் என்னை இன்னும் புகழ்ந்தார்கள்.

புத்தாண்டு அன்று மிச்சென்ஸானியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விடாப்பிடிக்காரி சுபிரா எல்லோர் முன்னாலும் தண்ணீர் வண்டியில் ஏறுவதா? அப்போது நீ குனிந்தாய். எனக்கு வாய் முந்திக்கொண்டது. உன் முகத்தில் விழிக்க முடியாமல்தான் கப்பலேறினேன். பேறுகாலத்துக்கு இன்னும் நாள் இருந்தது.

இப்போது படியேறினால் மூச்சிரைக்கிறது. மகள், "நீங்க உக்காருங்கம்மா" என்று சொல்லிச் சொல்லி என்னை மூட்டையாக்கிவிட்டாள். இங்கே தட்ட எனக்கு ஜன்னல் இல்லை, சிஹாபா. உன்னைப்போல் கோபம் வந்தால் எழுந்திருப்பேனோ என்னவோ. எனக்கு என்மேல்தான் கோபம். அந்தக் கோபம் எழுப்புவதில்லை, படுக்கத்தான் வைக்கிறது.

மன்னித்துவிடு. மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

சுபிரா


மகோமேனி
பிப்ரவரி 17

சுபிரா,

நேற்று கிளினிக்குக்குப் போனேன். ஊசி இல்லை. சர்க்கரை இறங்கிவிட்டது. நர்ஸ், "பாட்டி, எல்லாரும் நடக்கறத ரெண்டு வாரத்துல விட்டுடறாங்க. நீங்க மட்டும் எப்படி விடாம போறீங்க?" என்று கேட்டாள். "எனக்கு ஒருத்தி மேல கோபம்மா" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பெருவிரலைக் கிள்ளிப் பார்க்கச் சொன்னேன். கிள்ளினாள். வலித்தது. அவள் கையை முத்தமிட்டேன்.

உன் தடியின் கரையான் தின்ற பக்கத்தை வெட்டிவிட்டேன். இப்போது அது குட்டைத் தடி. ராயா நோன்பு வரும்வரை ஓய்வு என்று படுத்துவிட்டாள், முழங்காலாம். அவள் ஜன்னலை நான் தட்டுகிறேன். உள்ளேயிருந்து, "நீ நாசமாப் போக!" என்று கத்துகிறாள். கத்திக்கொண்டே வருகிறாள். பிறகு தீமேவின் ஜன்னல். தட்ட வேண்டும் என்றுதான் எழுந்தேன் என்று எழுதியிருந்தாய் பார், அந்த ஒரு வரி மட்டும் உண்மை, மற்றபடி உன் கடிதத்தில் பாதி அழுகை.

உன்மேல் உனக்கே கோபம், அது படுக்க வைக்கிறது என்கிறாய். சரி, வேறு கோபம் தருகிறேன், வாங்கிக்கொள். தண்ணீர் வண்டியில் முதலில் ஏறியது யார் என்று வெள்ளிக்கிழமை குழு முழுவதற்கும் சொல்லிவிட்டேன். ஷாமேயைச் சாட்சிக்கு வைத்தேன். "ஆமா, அந்தப் பாட்டி நான் நிறுத்தறதுக்கு முன்னாலயே ஏறிட்டாங்க" என்றான். தீமே தரையில் உருண்டு சிரித்தாள். மக்காமே, "சுபிரா கதை முடிஞ்சுது, இனிமே அவ பேரக் குழந்தைக்குத் தாலாட்டுத்தான்" என்றார். ராயா உன் நடையை நடித்துக் காட்டினாள், விலாவைப் பிடித்துக்கொண்டு, வண்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்து. நன்றாகவே நடித்தாள். நான் தடுக்கவில்லை.

காது சூடேறுகிறதா? ஏறட்டும். அதோடு எழுந்து வெளியே நட. கிராம்புப் பாய் இருந்தால் சுற்றிப் போ. பெம்பாக்காரர்கள் அந்தத் தெருவில் பறந்தா போகிறார்கள்? அடுத்த வீட்டுப் பெம்பாக்காரி சிரித்தால் அவள் ஜன்னலைத் தட்டு. சிரிக்கிறவள் சீக்கிரம் எழுந்து வருவாள்.

நோன்புக்கு முந்தின சனிக்கிழமை அல்ஃபஜிரி வெதேவுக்கு வருகிறது, உங்கள் ஊர்க் குழுவோடு சேர்ந்து ஓட. முன்வரிசையில் பாட்டெடுப்பது நான். உன் தெரு வழியாகத்தான் ஓடுவோம் என்று மக்காமேவிடம் சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன். உன் ஜன்னலை இந்தக் குட்டைத் தடியால் மூன்று தட்டுத் தட்டுவேன். ஷூ போட்டுக்கொண்டு நில். நிற்காவிட்டால் பின்னால் தண்ணீர் வண்டி வரும், உனக்குத்தான் வழி தெரியுமே.

ஒரு வரி மன்னிப்புக் கேட்டாய். ராயாவை மன்னித்தேன், என் பாட்டைக் கெடுத்ததற்கு. மக்காமேவை மன்னித்தேன், விசில் ஊதினதற்கு. ஹிதாயாவைக்கூட, நோன்பு வருகிறது என்பதால். உன்னை மன்னித்தால் மறுநாள் காலை நான் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவேன், என் கால்விரல் என்னைவிட்டுப் போய்விடும். அதனால் நான் சாகிறவரைக்கும் மன்னிக்காமல் வைத்திருக்கப் போகிறவள் ஒரே ஒருத்திதான். அவள் முழுப் பெயரையும் எழுதிவிடுகிறேன்:

சுபிரா பின்தி ஹமாதி.